வெள்ளையம்மாள் வாசலில் தொங்கும் செடி

1

எங்கள் தெரு மரங்கள் இன்று காலை வெளுத்துவிட்டன. நேற்றுவரை வெறும் பச்சை. போன வாரம் வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், வானம் இடிந்து கொட்டி, உடம்பு சில்லிட்டது. நாங்கள் அதை மறந்துவிட்டோம். செடிகள் மறக்கவில்லை. துறைமுகச் சாலையிலும் பள்ளிக்கூட மதிலோரத்திலும் மரக்கிளைகளில் புல்லைப் போல ஒட்டிக்கிடந்தவை எல்லாம், பேசிவைத்துக்கொண்டாற்போல ஒரே விடியலில் பூத்துவிட்டன. பினாங்குத் தீவு முழுக்க ஒரே வாசனை.

இதற்கு இங்கே புறாப்பூ என்று பெயர். பறக்கிற புறாவைப் போல இருக்கும். வெள்ளைக்காரர் தோட்டங்களில் ஆர்க்கிட் என்று சொல்லி நிழல்கட்டி வளர்க்கிறார்களே, அந்தப் பெரிய வம்சத்தில் யாரும் சீண்டாத ஏழைச் சொந்தம் இது.

“பூத்திருச்சு” என்றாள் என் மனைவி அன்னம்மாள். வீட்டுக்குள் பாம்பு நுழைந்ததைச் சொல்கிற குரலில் சொன்னாள். பிறகு சன்னலைச் சாத்தினாள்.

எங்கள் மகன் தேவதாஸ் காப்பியில் ரொட்டியை நனைத்துக்கொண்டிருந்தான். “அதுக்கு ஏம்மா சன்னலைச் சாத்துறீங்க? புழுங்குது.”

அவள் கொக்கியையும் மாட்டினாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு துறைமுக ஆபீசுக்குப் போய்விட்டான். இருபத்துச் சொச்சம் வயது. எங்களோடு தமிழ், நண்பர்களோடு சீனம், சைக்கிளைத் திட்டும்போது மலாய். வீட்டில் எங்கே உட்கார்ந்தாலும் வாசலைப் பார்த்தே உட்காருகிறான்.

அருப்புக்கோட்டையில் இதை வாசிக்கப்போகிறவர்களே, உங்களிடம் ஒரு காரியம் கேட்க வேண்டும். கேட்பதற்கு முன் அந்தச் செடியின் கதையைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் என்னைப் பைத்தியம் என்பீர்கள்.

2

யுத்தம் இந்தப் பக்கம் வருவதற்குக் கொஞ்சம் முன்பு, என் தங்கை மகள் கல்யாணத்துக்காக நானும் அன்னம்மாளும் ஊருக்குக் கப்பல் ஏறினோம். தேவதாசுக்குப் பரீட்சை. பள்ளிக்கூட விடுதியில் இருக்கட்டும், மூன்று மாதத்தில் வந்துவிடுவோமே என்று நினைத்தோம். மூன்று மாதம் என்ற சொல்லை இப்போதும் என்னால் சாதாரணமாகச் சொல்ல முடிவதில்லை.

கப்பல் துறைக்கு வந்த பையன் கையில் ஒரு தேங்காய் மட்டை. அதில் கயிற்றால் ஒரு செடியைக் கட்டியிருந்தான். தடித்த தண்டு, காது மடல் போல இலைகள், வெளியே தொங்கும் சாம்பல் நிற வேர்கள். விடுதி வாசல் மரத்திலிருந்து பிய்த்தது.

“இதுக்கு மண்ணே வேண்டாம்மா. காத்துல வாழும். அப்பப்ப தண்ணி தெளிச்சாப் போதும். நல்ல மழை பெஞ்சு குளுந்தா பூக்கும். ஊர்ல பூக்குதான்னு எனக்கு எழுதுங்க.”

“நம்ம ஊர்ல மழையா?” என்று நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். கப்பல் நகர்ந்தபோது கையை ஆட்டாமல், “மண்ணுல வச்சிராதீங்க” என்று மறுபடியும் கத்தினான். அது எனக்குச் சரியாகக் கேட்டது. கேட்டும் என்ன பிரயோசனம்?

3

அன்னம்மாளின் அண்ணன் அருளப்பன் திருச்சுழிப் பக்கத்துப் புஞ்சைக்காரர். பருத்தியும் கம்பும் போடுகிறவர். செடியைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

“என்ன மாப்ள இது? வேரெல்லாம் வெளிய தொங்குது. பச்சப் பிள்ளைய அம்மணமா விட்ட மாதிரி.”

“அதுக்கு மண்ணு வேண்டாமாம் மச்சான். தாசு சொன்னான்.”

“மண்ணு வேண்டாத செடியா? கடல் தாண்டிப் போயி என்னத்தய்யா படிக்கிறான் எம் மருமகன்? நம்ம கரிசல்ல கல்ல ஊனுனாலும் மொளைக்கும்.”

மறுநாள் தன் காட்டிலிருந்தே ஒரு கூடைக் கரிசலைத் தலையில் சுமந்து வந்தார். வண்டியில் போடக்கூட மனம் வரவில்லை அவருக்கு. ஆட்டுப்புழுக்கையைக் கையாலேயே நொறுக்கிப் போட்டுக் கலந்தார். பானையில் செடியைக் கழுத்தளவு புதைத்து, கிணற்றுத் தண்ணீரை நிறைய ஊற்றி, கட்டைவிரலால் ஓரம் அமுக்கினார். வானம் பார்த்த சீமைக்காரருக்கு ஒரு செடிக்குக் காட்ட முடிந்த அத்தனை மரியாதையும் அதில் இருந்தது. நாங்களும் சுற்றி நின்று பார்த்தோம். தடுக்க வேண்டும் என்றே தோன்றவில்லை. நம் மண்ணை வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

கரிசல் நனைந்தால் உள்ளங்கை மூடுவதைப் போல மூடிக்கொள்ளும். உள்ளே இருப்பதை மூச்சு விட விடாது. இது காட்டில் வளர்ந்த எனக்குத் தெரியாதா? தெரியும். செடிக்கும் மூச்சு உண்டு என்பதுதான் தெரியாது.

அந்த மாதத்தில்தான் பஜாரில் பேப்பர் வாசிக்கிறவரைச் சுற்றிக் கூட்டம் கூடியது. பினாங்கில் குண்டு விழுந்தது என்றார்கள். சில நாளில் பினாங்கே விழுந்தது என்றார்கள். ஒரு ஊர் எப்படி விழும்? நான் அந்தத் தெருக்களை ஒவ்வொன்றாக மனதுக்குள் நடந்து பார்த்தேன். விடுதி வாசல் மரம்வரை போவேன். அதற்கப்பால் கால் வராது.

தபால் நின்றது. தந்தி நின்றது. கப்பல் நின்றது.

ஒரு காலையில் பானையிலிருந்து அழுகிய வாடை வந்தது. அன்னம்மாள் ஓடிப்போய் இரண்டு கையாலும் தோண்டினாள். மண் விட்டுக்கொடுக்கவில்லை. நகம் பிய்ந்து இரத்தம் வந்தது. வெளியே எடுத்தபோது வேர்கள் கூழாகக் கையில் வழிந்தன. கழுவிக் கழுவிப் பார்த்ததில் ஒன்றிரண்டு வேர் மட்டும் கெட்டியாக மிஞ்சின.

அருளப்பன் மச்சான் துண்டை வாயில் பொத்திக்கொண்டு நின்றார். “நல்லதுக்குத்தான் தங்கச்சி செஞ்சேன்.”

“தெரியும்ண்ணே. நம்ம மண்ணு நல்ல மண்ணுதான். அதுக்கு ஆகல.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் கையைப் பார்த்துக்கொண்டே, “அவன் அத்தன தடவ சொன்னானே” என்றாள். நான் பானையைத் தூக்கிக்கொண்டு போய் மண்ணைத் தெருக்கோடியில் கொட்டினேன்.

4

நடுவில் இந்த ஊர்ச் சங்கதி ஒன்று. இப்போது இங்கே எல்லோரும் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும். படம், பெருவிரல் ரேகை, எல்லாம் உண்டு. பஸ்ஸை நிறுத்திப் பட்டாளத்தார் கேட்கிறார்கள். ரப்பர் தோட்டக்காட்டுப் பக்கம் சுடுகிறார்கள் என்று பேச்சு. யார் யாரை என்று கேட்கிற தைரியம் யாருக்கும் இல்லை.

அட்டைக்காகப் போன மாதம் வரிசையில் நின்றேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் மலாயில் வயது கேட்டார். இருபது வருஷம் பேசிய மொழி. என் வாயிலிருந்து, “அம்பதாகப் போகுதுங்கய்யா” என்று அருப்புக்கோட்டைதான் வந்தது. பயம் வந்தால் நாக்கு ஊருக்கு ஓடிவிடுகிறது. பின்னால் நின்ற தேவதாஸ் காது சிவக்க எட்டிப் பதில் சொன்னான்.

“யுத்த காலத்தில் இங்கே இல்லையா? ஏன்?” என்று கேட்டார் அவர்.

கல்யாணத்துக்குப் போனோம் என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு தேவதாசைப் பார்த்தார். “இவன்?”

“நான் இங்கதான் இருந்தேன்” என்றான் தேவதாஸ். மலாயில் அது மிகச் சின்ன வாக்கியம்.

5

கழுவி எடுத்த செடியை ஒரு வேப்பம் பலகையில் தேங்காய் நார் வைத்துக் கட்டினோம். அருப்புக்கோட்டை வீட்டில் வெயில் நேராக விழாத இடம் வாசல் நிலைக்கு மேலே மட்டும்தான். அங்கே தொங்கவிட்டாள் அன்னம்மாள்.

அங்கே என்ன தொங்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஆகாசக் கருடன் கிழங்கு. மண்ணில்லாமல், தண்ணீரில்லாமல், கயிற்றில் தொங்கிக்கொண்டே கொடி விடுமே, அது. வீட்டுக்கு வருகிற கேட்டைத் தான் வாங்கிக்கொள்ளும் என்று கட்டுவார்கள். எங்களுடையது வேதக்கார வீடு. அது தெரிந்தும் தெரு முழுக்க ஒரே பேச்சு.

உபதேசியார் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பிடித்துக்கொண்டார். “என்னம்மா, வாசல்ல கருடன் கட்டியிருக்கீகளாமே?”

“கருடன் இல்லங்கய்யா. செடி. எம் பிள்ள குடுத்தது. அவனுக்கு ஜெபம் பண்றப்ப அதையும் ஒரு வார்த்த சேத்துக்கங்க.”

“செடிக்கெல்லாம் ஜெபம் பண்றதில்லம்மா.”

“அத்தி மரத்த ஆண்டவரு சபிச்சாரா இல்லையா? சபிக்க முடிஞ்சா ஆசீர்வாதமும் பண்ண முடியும்ல?”

உபதேசியார் செருமிக்கொண்டு குடையை விரித்தார். வெயிலே இல்லாத நேரம் அது.

அன்னம்மாள் அதைப் பார்த்துச் சிரித்தாள்; யுத்தம் முடியும்வரை அவள் சிரித்த கடைசி நாள் அதுவாகத்தான் இருக்கும். அடுத்த வீட்டு வெள்ளையம்மாள் அன்று சாயங்காலம் வந்தாள். பருத்தியில் கொட்டை நீக்குகிற பஞ்சு மில்லில் தூசி எடுக்கிறவள். அவள் புருசன் ரங்கூனில் கடைச் சிப்பந்தி. யுத்தத்துக்குத் தப்பி ரங்கூனிலிருந்து நடந்தே வந்தவர்கள் ஊருக்குள் ஒருவர் இருவராக, எலும்பும் தோலுமாக வந்துகொண்டிருந்தார்கள். அவளுடையவர் வரவில்லை. ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், “அவுகளப் பாத்தீகளா” என்று கேட்டுவிட்டு வருவாள். பிறகு எங்கள் வீட்டில் உட்காருவாள்.

அன்னம்மாள் செடிக்குத் தண்ணீர் தெளிப்பதைப் பார்த்து அவள் பதறினாள். “அய்யய்யோ மதினி, ஊத்தாதீக. தண்ணி பட்டா அதுக்கு இருக்க சக்தி போயிரும். அது காத்தத்தான் குடிக்கணும்.”

“இது அது இல்ல வெள்ள. இதுக்குத் தண்ணி வேணும்.”

“எதோ. ஆனா வாட விட்றாதீக. வாசல்ல கட்டுனது வாடுனா, அந்த வீட்ல ஒராளுக்கு ஆகாதும்பாக.”

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அன்னம்மாள் கையிலிருந்த செம்பு அப்படியே நின்றது. அந்த நிமிஷம்வரை அது மகன் கொடுத்த செடி. அந்த நிமிஷத்துக்குப் பிறகு அது மகன்.

செடி வளர்த்துப் பழக்கமில்லாத இருவர், அதையும் பயத்தோடு வளர்த்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கிணற்று உப்புத் தண்ணீர் பட்டு வேர் நுனி கருகியது. அது எதனால் என்று கண்டுபிடிக்கவே வெகுநாள் ஆனது. அதன்பிறகு ஊருணித் தண்ணீர் மட்டும். கோடையில் ஊருணி வற்றி, தரையில் ஊற்றுத் தோண்டி அகப்பையால் மொண்டு வருகிற காலத்திலும், அன்னம்மாள் தான் குடிக்கிற பங்கிலிருந்து எடுத்து அதற்குத் தெளித்தாள். ஆடிக்காற்று நெருப்பாக அடித்தபோது நனைத்த சாக்கை அதன் முன்னால் கட்டினேன். தெளித்த ஈரம் வேரில் காய்ந்த பிறகுதான் மறுபடி தெளிக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டேன். உலர்ந்தால் வேர் வெள்ளை, நனைந்தால் பச்சை. காலையில் எழுந்ததும் ஜெபத்துக்கு முன்பு அந்த நிறத்தைத்தான் பார்ப்பேன்.

அப்படியும் இலை உதிர்ந்தது. முதலில் அடியிலைகள். மஞ்சளாகி, ஒரு விடியலில் வாசற்படியில் கிடக்கும். கோலம்போல. அன்னம்மாள் எழுவதற்கு முன்பே எழுந்து அதை எடுத்து வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டு போய் ஊருக்கு வெளியே போடுவேன். அவள் பார்க்கக் கூடாது.

ஒருநாள் அருளப்பன் மச்சானுக்கு உளுந்து அளந்து கொடுக்கப் பானைக்குள் கைவிட்டேன். உளுந்துக்கு அடியில் சருகு. எடுத்துப் பார்த்தால் அதே இலைகள், காய்ந்து சுருண்டு. நான் பார்க்கக் கூடாது என்று அவள் ஒளித்துவைத்தவை. நான் எழுவதற்கும் முன்பே அவள் எழுந்த நாட்கள் இருந்திருக்கின்றன.

உளுந்தை மேலே மூடிவிட்டேன். அவளிடம் கேட்கவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர், ஆளுக்கொரு பக்கம் அந்தப் பயத்தை மறைத்துக்கொண்டு, மழை வருமா என்று பேசிக்கொண்டு இருந்தோம்.

6

அடுத்த ஐப்பசியில் மழை வந்தது. குண்டாற்றுப் பக்கமிருந்து ஒரு கறுப்பு எழுந்து, மத்தியானத்தையே இருட்டாக்கி, ஆலங்கட்டியோடு கொட்டியது. ஆட்டுக்குட்டிகள் நடுங்கின. நானே போர்வையைத் தேடினேன். அந்த ஊரில் பகலில் போர்வை தேடியதை இன்றும் மறக்கவில்லை.

ஒரு வாரம் கடந்திருக்கும். விடிந்தும் விடியாத நேரம், வாசலில் அன்னம்மாள் குரல். “இங்கேருங்க. இங்கேருங்க.” கூப்பிடுகிறாளா, அலறுகிறாளா என்று தெரியாமல் ஓடினேன்.

இலையே இல்லாத தண்டுகள் நெடுக வெள்ளைப் பூ. ஒன்றின்மேல் ஒன்றாக, இறக்கை விரித்து. தெருவுக்கே தெரிகிற வாசனை.

அன்னம்மாள் படியில் உட்கார்ந்துவிட்டாள். “இருக்கான். எம் பிள்ள இருக்கான்.”

தெரு கூடியது. பஞ்சு ஒட்டிய தலையோடு வெள்ளையம்மாள் வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “நாந்தான் சொன்னேன்ல மதினி?” என்றாள். பிறகு சின்னக் குரலில், “எனக்காகவும் பூத்திருக்குமா?” என்று கேட்டாள். அன்னம்மாள் ஒரு பூவைக் கிள்ளப் போனாள். வெள்ளையம்மாள் அவள் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டாள். “கிள்ளாதீக. இருக்கட்டும். நாளைக்கு வந்து பாத்துக்கிறேன்.”

நாளை என்பது அந்தப் பூவுக்குக் கிடையாது. அதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. பொழுது சாயும்போது ஒவ்வொரு பூவும் நனைந்த துணிபோலத் தொங்கியது. வாசனை நின்றது. விளக்கேற்றுகிற நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்னம்மாள் அழவில்லை. பலகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, “ஒரு நாளா? ஒரே ஒரு நாளா?” என்று என்னைக் கேட்டாள். செடிக்காரன் நானில்லையே. எனக்கு என்ன தெரியும்? காலையில் வந்த நம்பிக்கையை அதே செடி சாயங்காலம் பிடுங்கிக்கொண்டால் எந்த வேளையை நம்புவது?

அந்த இரவுக்குப் பிறகு மூன்று வருஷம். ஒவ்வொரு பெரிய மழைக்கும் பிறகு அது பூக்கும். ஒவ்வொரு முறையும் அதே காலை, அதே சாயங்காலம். மேகம் கறுத்தாலே நான் வாசலுக்குப் போய் அண்ணாந்து நிலையைப் பார்ப்பேன். மழைக்கு ஏங்குகிற சீமையில் மழைக்குப் பயந்த ஒரே வீடு எங்களுடையதாகத்தான் இருந்திருக்கும்.

7

யுத்தம் முடிந்து ஒரு கார்டு வந்தது. பென்சிலில் எழுதியிருந்தது. சுகம் என்று ஒரு வார்த்தை. அதற்குக் கீழே: செடி பூத்ததா?

அன்னம்மாள் அதை நெற்றியில் வைத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். முதலில் போனது வெள்ளையம்மாள் வீட்டுக்கு.

பினாங்கு திரும்ப அனுமதிச் சீட்டு வாங்குவதற்குள் எத்தனையோ ஆபீஸ் வாசல்கள். கடைசியாகப் புறப்படுகிற அன்று வெள்ளையம்மாள் வந்து நிலைக்கு மேலே பார்த்தபடி நின்றாள்.

“அண்ணே, ஒண்ணு கேக்கேன். தப்பா நெனக்காதீக. உங்க பிள்ள கெடச்சிட்டான். இனிமே உங்களுக்கு இது எதுக்கு? எங்க வாசல்ல கட்டிட்டுப் போங்க.”

அன்னம்மாள் என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் வேண்டாம் என்று இருந்தது. கொடுக்க மனமில்லாத வேண்டாம் அல்ல. கொள்ளிக்கட்டையை வாங்கக் கைநீட்டும் குழந்தையைப் பார்க்கிற வேண்டாம். ஆனால் எப்படிச் சொல்வது? உனக்கு நம்பிக்கை வேண்டாம் என்று, பிள்ளை கிடைத்தவள், புருசன் கிடைக்காதவளிடம் எப்படிச் சொல்வாள்?

நானே கட்டினேன். “தண்ணி தெளிக்கணும் வெள்ள. நல்ல தண்ணி” என்றேன். அவள் தலையை ஆட்டினாள். கும்பிட்ட கையை எடுக்காமல் ஆட்டினாள். காதில் விழுந்திருக்காது.

எங்கள் கார்டுகளுக்கு அவள் யாரையாவது கொண்டு பதில் எழுதுவிக்கிறாள். எல்லோரும் சுகம் என்று வரும். புருசனைப் பற்றி இருக்காது. செடியைப் பற்றியும் இருக்காது. நாங்களும் கேட்பதில்லை.

8

இன்று சாயங்காலம் சாப்பிடும்போது அன்னம்மாள் சொல்லிவிட்டாள். “அங்க வெள்ளையம்மா வாசல்ல பூத்துச்சோ, காஞ்சுச்சோ. அவ எப்படி இருக்காளோ.”

தேவதாஸ் தட்டைப் பார்த்தபடியே பேசினான். யுத்த காலத்தில் பினாங்கைப் பிடித்தவர்கள் சயாம் காட்டில் ரயில்பாதை போட இழுத்துக்கொண்டுபோன ஆட்களில் அவனும் ஒருவன். திரும்பி வந்த கொஞ்சப் பேரிலும் ஒருவன். அதைப் பற்றி இதுவரை எங்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

“அங்க காட்டுலயும் இதே பூதாம்மா. மழைக்கப்புறம் காடே வெள்ளையா இருக்கும். பூத்த அன்னைக்கும் ஆளுங்க செத்தாங்க. பூக்காத அன்னைக்கும் செத்தாங்க. அது பாட்டுக்குப் பூக்கும். அதுக்கு நம்மளத் தெரியாது.”

எழுந்து கை கழுவினான். வாசலைப் பார்த்து உட்கார்ந்தான். அன்னம்மாள் அவன் தட்டை அப்படியே விட்டு எழுந்தாள். பிறகு போய்ச் சன்னலைத் திறந்தாள். தெரு மரத்தில் பூக்கள் தொங்கிப் போயிருந்தன. அவள் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். அருப்புக்கோட்டையில் எங்கள் பழைய தெருவழியாகப் போகிறவர்கள் யாராவது, மாதா கோவிலுக்குப் பின்புறம், பஞ்சு மில் சங்குச் சத்தம் நன்றாகக் கேட்கிற சந்தில், நிலைக்கு மேலே ஒரு வேப்பம் பலகை தொங்குகிற வீட்டைப் பாருங்கள். செடி பச்சையாக இருந்தாலும் சரி, காய்ந்திருந்தாலும் சரி, உள்ளே போய் வெள்ளையம்மாளிடம் சொல்லுங்கள். அது கருடன் இல்லை. எந்தக் கேட்டையும் அது வாங்கியதில்லை. எந்தச் சேதியும் அதற்குத் தெரியாது. இங்கே பினாங்கில் தெருவுக்குத் தெரு, குப்பையாக வளர்கிறது.

நம்ப மாட்டாள். நானும் இந்த வரியை எழுதும்போது, அது காய்ந்திருக்கக் கூடாதே என்றுதான் நடுங்குகிறேன். அதனால் ஒன்று செய்யுங்கள். போகும்போது கையில் ஒரு செம்பு ஊருணித் தண்ணீர் கொண்டுபோங்கள். அவள் அய்யய்யோ என்று பதறுவாள். பதறட்டும். வேர் வெள்ளையாக இருந்தால், அவள் கண் முன்னாலேயே தெளியுங்கள். கொஞ்ச நேரம் அவளோடு நில்லுங்கள். அது பச்சையாகும்வரை.